காலியான கட்டிலில் யார்?

இந்த எபிசோடில் ஒரு சின்னப் பசங்க புத்தகத்தை எடுத்துக்கிட்டு கொஞ்ச தூரம் போகப் போறோம். இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கான்னு ஒரு சுத்து. ஸ்பாய்லர் இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன். புத்தகம் வந்தது 1977இல், அதனால மன்னிச்சுடுவீங்கன்னு நம்பறேன்.

புத்தகத்தின் பெயர் 'சார்ம்ட் லைஃப்'. எழுதியவர் டயானா வின் ஜோன்ஸ். பெயர் புதுசா இருக்கா? மியாசாகியின் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' படம் பார்த்திருப்பீங்க, 2004இல் வந்தது. அந்தக் கதையை 1986லேயே நாவலாக எழுதியவர் இவர்தான்.

'சார்ம்ட் லைஃப்' கதை நடப்பது மந்திரம் சர்வசாதாரணமாகப் புழங்கும் ஒரு இங்கிலாந்தில். நம்ம ஊரில் டியூஷன் போவது மாதிரி அங்கே மந்திரத்துக்கு டியூஷன் போகிறார்கள். க்வெண்டலின், கேட் என்று ஒரு அக்கா தம்பி. அப்பாவும் அம்மாவும் ஒரு படகு விபத்தில் இறந்துவிட, கிரெஸ்டோமான்சியின் கோட்டைக்கு வந்து சேருகிறார்கள். கிரெஸ்டோமான்சி என்பது ஆளின் பெயர் இல்லை, பதவியின் பெயர். மந்திரத்தை யாரும் தப்பாகப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கிட்டத்தட்ட ஒரு அரசாங்க உத்தியோகம். பளபளப்பான டிரெஸ்ஸிங் கவுன் போட்டுக்கொண்டு பாதி நேரம் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். பேரைச் சொன்னால் போதும், வந்து நிற்பார். அதனால் அவரைப் பற்றிப் புரணி பேசுவதுகூட கஷ்டம்.

க்வெண்டலினுக்குத் திறமை அதிகம், தலைக்கனம் அதைவிட அதிகம். கோட்டையில் யாரும் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று கடுப்பாகி, ஒன்று மாற்றி ஒன்று தொல்லை கொடுக்கிறாள். கடைசியில் அவளுடைய மந்திர சக்தியையே பறித்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் தம்பி போய்ப் பார்த்தால், அக்காவின் அறையில் அக்காவின் முகத்தோடு ஒரு பெண் இருக்கிறாள். ஆனால் அக்கா இல்லை. பெயர் ஜேனட். மந்திரம் இல்லாத உலகத்திலிருந்து, அதாவது நம்ம உலகத்திலிருந்து வந்தவள்.

க்வெண்டலின் கோபத்தில் வேறொரு உலகத்துக்குத் தாவிவிட்டாள். தன்னை ராணி மாதிரி தாங்கும் உலகம். அங்கே ஏற்கெனவே ஒரு 'அவள்' இருப்பாள் இல்லையா? அவள் அடுத்த உலகத்துக்குத் தள்ளப்படுகிறாள். அங்கே இருந்தவள் அதற்கடுத்ததுக்கு. இப்படியே ஒரு வரிசை முழுக்க நகர்ந்து, இங்கே காலியான இடத்தில் ஜேனட் வந்து விழுகிறாள். லிங்க்ட் லிஸ்ட் தெரிஞ்சவங்களுக்கு இந்த இடத்தில் வயித்தைக் கலக்கும். ஒருத்தி ஒரு பாயின்டரை மாத்திட்டா, முகம் தெரியாத அத்தனை பேர் வாழ்க்கையும் இடம் மாறிடுச்சு.

நான் இன்னைக்குப் பேச நினைக்கிறது இந்த ஒரு விஷயத்தைத்தான். வேற உலகத்துக்குப் போகும் கதைகள் ஏகப்பட்டது இருக்கு. போனவங்க விட்டுட்டுப் போன கட்டில்ல அப்புறம் யார் படுத்தாங்கன்னு கேட்ட கதைகள் ரொம்பக் குறைவு.

சுத்தமாக இல்லாமல் இல்லை. ஜே. எம். பாரியின் பீட்டர் பான், நாடகமாக 1904இல் மேடையேறியது, நாவலாக 1911இல் வந்தது. அதில் ஒரு சின்ன இடம் இருக்கு. பீட்டர் வீட்டை விட்டுப் பறந்து போய்விட்டு, எப்போ வேணும்னாலும் திரும்பிடலாம்னு நினைக்கிறான். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் ஜன்னல் சாத்தியிருக்கிறது. உள்ளே அவன் கட்டிலில் வேறொரு பையன் தூங்குகிறான். அவ்வளவுதான், பாரி அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தப் பையன் யாரு, அவனுக்கு என்ன ஆச்சு, ஒன்னும் கிடையாது.

மார்க் ட்வைனின் 'தி பிரின்ஸ் அண்ட் தி பாப்பர்' (1881) ஆள் மாறாட்டக் கதைகளுக்கெல்லாம் பெரியண்ணன். நாம பார்த்த பாதி டபுள் ரோல் படங்கள் ஏதோ ஒரு வழியில் அதுக்குச் சொந்தக்காரங்க. அங்கே இடம் காலியாவதில்லை, ஏன்னா இருவரும் நேரடியாக மாற்றிக்கொள்கிறார்கள். கடைசியில் அவரவர் இடத்துக்குத் திரும்பியும் விடுகிறார்கள்.

அப்புறம் நார்னியா. சி. எஸ். லூயிஸ் 1950இல் எழுதியது. நாலு பிள்ளைகள் அலமாரி வழியாகப் போய், வருஷக்கணக்கில் ராஜா ராணிகளாக ஆண்டுவிட்டு, திரும்பி வரும்போது இங்கே ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு இன்ஜினியராக எனக்கு அது அழகான டிசைன்தான். யாரும் தேடப்போவதில்லை, எந்த இடமும் காலியில்லை, காஸ்ட் ஜீரோ. கொஞ்சம் வசதியான டிசைன்னும் சொல்லலாம். ஜோன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஆன்ஸ் கல்லூரியில் படித்தபோது இதே லூயிஸின் லெக்சர்களுக்குப் போனவர். டோல்கீனின் லெக்சருக்கும் போயிருக்கிறார். டோல்கீன் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார், ஒன்றும் கேட்காது என்று பின்னாளில் எழுதினார். லூயிஸ் ஜீரோ என்று எழுதிய இடத்தில், மாணவி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

சரி, 'இன்னொரு நான்' என்கிற யோசனை எங்கிருந்து வந்தது? நிறையப் பேர் குவான்டம் பிசிக்ஸ்ன்னு உடனே கையைத் தூக்குவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஜெயிலுக்குப் போயிட்டு வரலாம்.

லூயி ஓகுஸ்ட் ப்ளான்கி, பிரெஞ்சுப் புரட்சியாளர். வாழ்நாளில் 30 வருஷத்துக்கு மேல் சிறையிலேயே கழித்த மனிதர். 1871 மார்ச்சில் பாரிஸ் கம்யூன் வெடிப்பதற்குச் சரியாக முந்தின நாள் அவரைப் பிடித்துவிட்டார்கள். வாழ்க்கை முழுக்க எதற்காகக் காத்திருந்தாரோ அது நடக்கும்போது ஆள் உள்ளே. பிரித்தானி கடற்கரையோரம், கடலுக்கு நடுவில் பாறை மேல் நிற்கும் டோரோ கோட்டையில் அடைத்துவைத்தார்கள். அங்கே உட்கார்ந்து அவர் எழுதியது அரசியல் இல்லை, வானியல். 1872இல் புத்தகமாக வந்தது. வாதம் எளிமையானது. பிரபஞ்சம் முடிவில்லாதது. அதைக் கட்டியிருக்கும் தனிமங்களோ எண்ணிக்கைக்குள் அடங்குபவை. அப்படியானால் சேர்க்கைகள் திரும்பத் திரும்ப வந்தே ஆகவேண்டும். ஆகவே எங்கேயோ இன்னொரு பூமி, இன்னொரு நீங்கள். இங்கே நீங்கள் எடுக்காத முடிவை எடுத்த நீங்கள். இதே மாதிரி ஒரு கோட்டையில், இதே மேஜையில், இதையே எழுதிக்கொண்டிருக்கும் இன்னொரு ப்ளான்கியும் உண்டு என்கிறார். அறுபது வயசு தாண்டிய மனுஷன், பூட்டின அறைக்குள்ள இதை எழுதறதை நினைச்சுப் பாருங்க. ஆறுதலா, சித்திரவதையான்னு அவருக்கே தெரிஞ்சிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்.

அமெரிக்காவில் 1934 ஜூனில், 'அஸ்டவுண்டிங்' என்ற மலிவு விலைப் பத்திரிகையில் மரே லெய்ன்ஸ்டர் ஒரு கதை எழுதினார். 'சைட்வைஸ் இன் டைம்'. காலம் குழம்பி, வேறு வேறு விதமாக நடந்த வரலாறுகள் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்கின்றன. ஒரு பக்கம் ரோமானியப் படை அமெரிக்க மண்ணில் அணிவகுக்கிறது. இன்னொரு பக்கம் உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்கள் ஜெயித்த நாடு. வரலாறு பக்கவாட்டில் கிளை பிரியும் என்பதை ஜனரஞ்சகமாக்கிய கதை. அது வெளியாகி இரண்டே மாதத்தில், 1934 ஆகஸ்ட்டில், ஜோன்ஸ் லண்டனில் பிறந்தார். சும்மா தற்செயல்தான், ஆனா சொல்லாம இருக்க முடியல.

1957இல்தான் பிசிக்ஸ் வருகிறது. பிரின்ஸ்டனில் ஹ்யூ எவரெட் என்ற 26 வயது மாணவரின் ஆராய்ச்சிக் கட்டுரை. குவான்டம் அளவீட்டில் சாத்தியமான பல முடிவுகளில் ஒன்று மட்டும் நிகழ்ந்து மற்றவை மறைவதில்லை, எல்லாமே நிகழ்கின்றன, பார்ப்பவரும் சேர்ந்தே கிளை பிரிகிறார் என்றார். வழிகாட்டியான ஜான் வீலர், கட்டுரையை நிறையச் சுருக்க வைத்தார். 1959இல் எவரெட் கோபன்ஹேகன் போய் நீல்ஸ் போரைப் பார்த்தார், போர் அசையவில்லை. எவரெட் அதற்குள் பிசிக்ஸை விட்டு பென்டகனில் வேலைக்கே போய்விட்டிருந்தார். 1970இல் பிரைஸ் டெவிட் ஒரு பத்திரிகையில் எடுத்து எழுதிய பிறகுதான் 'பல உலகங்கள்' பலருக்குத் தெரிந்தது. எவரெட் 1982இல், 51 வயதில் இறந்தார்.

எவரெட்டின் கிளைகளுக்குள் போக்குவரத்து கிடையாது, இதைக் கவனிங்க. உங்க டபுள் வந்து கதவைத் தட்ட முடியாது. அதனால கதை எழுதறவங்களுக்கு எவரெட் பெருமைக்கு உதவுவார், வேலைக்கு உதவ மாட்டார். ஜோன்ஸ் கட்டியது லெய்ன்ஸ்டர் பக்கத்துச் சரக்கு. ஒரு போர், ஒரு பூகம்பம் மாதிரி பெரிய நிகழ்வு ஒன்று இரண்டு விதமாக முடியலாம் என்று வரும்போது, இரண்டுமே நடந்து உலகம் இரண்டாகப் பிரிகிறது. இப்படி 12 தொகுதிகள், பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் 9 உலகங்கள். கிரெஸ்டோமான்சி இருப்பது 12ஏ. நாம் இருப்பது 12பி. கிட் தெரிஞ்சவங்க இதை ஒரு ஃபோர்க்னு எடுத்துக்கலாம், பிரிந்த புள்ளிவரைக்கும் ஹிஸ்டரி ஒன்றுதான். 1982இல் வந்த 'விட்ச் வீக்' நாவலில் மெர்ஜ்கூட வருகிறது. 1605இல் கை ஃபாக்ஸ் இங்கிலாந்து நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தார் இல்லையா, அந்த இடத்தில் அரைகுறையாகப் பிரிந்துபோன ஒரு உலகத்தை நம்ம உலகத்தோடு திரும்ப ஒட்ட வைக்கிறார்கள்.

ஒரு பக் ரிப்போர்ட் போட்டே ஆகணும். பல நூற்றாண்டுக்கு முன்னாடி பிரிந்த உலகங்களில் எப்படி அதே முகத்தோட ஆட்கள் பிறப்பாங்க? ஒரு போரின் முடிவு மாறினால் யார் யாரைக் கல்யாணம் பண்ணுவாங்க என்பதே மாறிடும். பத்துத் தலைமுறையில் பொதுவான முகம் ஒன்றுகூட மிஞ்சாது. லாஜிக்கா இது நிக்காது. ஜோன்ஸ் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. அவருடைய உலகங்களில் ஆள் என்பது ஒரு நாற்காலி மாதிரி, 9 உலகங்களிலும் அதே நாற்காலி போடப்பட்டிருக்கும், அதில் யாராவது உட்கார்ந்தே ஆகவேண்டும். சயின்ஸா பார்த்தா ஓட்டை. மனுஷங்களைப் பத்தின கதையாப் பார்த்தா, மொத்தப் புத்தகமும் நிக்கிறதே அந்த ஓட்டை மேலதான்.

ஏன்னா, சில நாற்காலி போடப்படாமலே போய்விடும். மற்ற உலகங்களில் உங்கள் டபுள்கள் பிறக்காமல் போனால் அந்த உயிர்கள் எல்லாம் உங்களிடமே வந்து சேரும். அப்படி 9 உயிரோடு இருப்பவர்தான் கிரெஸ்டோமான்சி ஆக முடியும். தம்பி கேட் அப்படிப்பட்டவன். அது அவனுக்கே தெரியாது, அக்காவுக்குத் தெரியும். அவனுடைய உயிர்களை ஒரு தீப்பெட்டி அட்டையில், ஒரு குச்சிக்கு ஒரு உயிர் என்று கட்டிவைத்து, தன் மந்திரங்களுக்குச் சில்லறைக் காசு மாதிரி செலவழித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய வயலினைப் பூனையாக மாற்றி விளையாடினாளே, அதுக்கு ஒரு உயிர் போயிருக்கு. அந்தப் பூனை அவன் கூடவே சுத்திக்கிட்டும் இருந்தது. பத்து வயசுப் பிள்ளைகளுக்கு எழுதிய புத்தகத்தில் இது இருக்கு. நான் படிச்சது பெரியவனான பிறகு. புத்தகத்தை மூடி வச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போ ஜோன்ஸின் சொந்தக் கதைக்கு வரலாம். தனக்கு ஐந்து வயதானபோது உலகத்துக்குப் பைத்தியம் பிடித்தது, அதனால்தான் இப்படி எழுதுகிறேன் என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். 1939 செப்டம்பர் 1. ஜெர்மனி குண்டு போடும் என்ற பயத்தில் பிரிட்டன் தன் நகரங்களிலிருந்து பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. மூன்றே நாட்களில் சுமார் 15 லட்சம் பேர் நகர்ந்தார்கள். பிள்ளைகளின் சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி. பல ஊர்களில் பொது மண்டபத்தில் வரிசையாக நிற்க வைத்து, வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, எனக்கு இந்தப் பிள்ளை என்று கை காட்டிக் கூட்டிப்போனார்கள். தனியாக வந்த ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள அரசாங்கம் வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தது. முந்தாநாள்வரை வேற வீடு, இன்னைக்கு யாரோ ஒருத்தர் வீட்டுக் கட்டில், அவங்க சாப்பாட்டு நேரம், அவங்க விதிமுறை. ஒரு தேசமே தன் பிள்ளைகளை நாற்காலி மாற்றி உட்கார வைத்தது.

ஜோன்ஸ் வேல்ஸில் தாத்தா வீட்டுக்குப் போனார், அங்கே எல்லோரும் வெல்ஷ் மொழி பேசினார்கள். பிறகு லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஒரு பெரிய வீடு. வரைய வெள்ளைத்தாள் கிடைக்காத காலம். பரணில் நல்ல கெட்டித்தாளில் யாரோ வரைந்த பூக்கள் கிடைக்க, குழந்தை அதையெல்லாம் அழித்துவிட்டுத் தன் படத்தை வரைந்தது. அழித்தது ஜான் ரஸ்கின் வரைந்த ஓவியங்கள். சரியான தண்டனை கிடைத்தது. அதே ஊரில் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று ஆர்தர் ரான்சம் புகார் சொல்ல வந்தார். கேட்டில் ஏறி ஆடியதற்காகத் தங்கை இசபெலை பீட்டர் முயல் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் அடித்தார். இருவருமே குழந்தைகளுக்கு எழுதிப் பேர் வாங்கியவர்கள்!

போர் முடியும் முன்பே குடும்பம் எஸ்ஸெக்ஸில் தாக்ஸ்டெட் என்ற ஊருக்குக் குடிபோனது. அப்பாவும் அம்மாவும் ஒரு கருத்தரங்க விடுதியை நடத்தினார்கள். விருந்தாளிகளுக்கு வீடு, மூன்று மகள்களுக்கு முற்றம் தாண்டி ஒரு கொட்டகை. புத்தகம் வாங்கித்தர அப்பாவுக்கு மனம் வராது. ரான்சம் எழுதிய நாவல்களை மொத்தமாக வாங்கிப் பூட்டிவைத்து, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அதுவும் மூவருக்கும் சேர்த்து ஒன்று என்று எடுத்துக்கொடுத்தார். படிக்க எதுவும் இல்லாததால் டயானா நோட்டுப் புத்தகங்களில் தானே கதை எழுதித் தங்கைகளுக்குப் படித்துக் காட்டினார். சொந்த வீட்டிலேயே தன் இடத்தில் வேற யாரோ தூங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். இதை வச்சு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நிஜ ஆள் தேடறது எனக்குப் பிடிக்காத வேலை, செய்யப் போறதில்லை. ஆனா காலியான நாற்காலி யாருக்குன்னு கேட்க அவருக்கு பிசிக்ஸ் தேவைப்பட்டிருக்காதுன்னு மட்டும் தோணுது.

ஜேனட்டை அந்தரத்தில் விட்டுட்டு வந்துட்டோம். க்வெண்டலினாக நடிக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு. எந்த உடுப்பை எப்படிப் போடணும்னு தெரியாது, பாடம் தெரியாது, மந்திரம் சுத்தமா வராது. க்வெண்டலின் திருட்டுத்தனமாக வாங்கிய டிராகன் ரத்தத்துக்குக் கடன்காரன் வந்து ஜேனட்டின் கழுத்தில் கத்தி வைக்காத குறை. அவளுக்கு வீட்டு நினைப்பு வேற. அங்கே தன் இடத்தில் இப்போ இருப்பவளை, பார்க்காமலே, 'அன்புள்ள மாற்று' என்று பேர் வைத்துக் கேலியும் கவலையுமாகப் பேசிக்கொள்கிறாள். கேட்டைப் பார்க்கும்போது அவளுக்கு இன்னொன்றும் உறைக்கிறது. அவள் வீட்டில் ஒரு தம்பி பிறந்திருக்க வேண்டியது, பிறக்கும்போதே இறந்துவிட்டான். போடப்படாமல் போன அந்த நாற்காலியின் உயிரும் இந்தப் பையனிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

கடைசியில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஜேனட்டுக்குத் தன் வீட்டைப் பார்க்கும் வாய்ப்பு வருகிறது. அங்கே, அம்மா அப்பாவோடு, அவளுடைய இடத்தில் ரொமிலியா என்ற பெண். தன் உலகத்தில் அனாதையாகக் கஷ்டப்பட்டவள். ஜேனட்டின் வீட்டில்தான் முதல்முறையாகச் சந்தோஷமாக இருக்கிறாள். ஜேனட் திரும்பினால் ரொமிலியா பழைய இடத்துக்கே போகவேண்டும். ஜேனட் போவதில்லை என்று முடிவெடுக்கிறாள். அழுகிறாள், ஆனால் போவதில்லை. பெரிய வசனம் எதுவும் இல்லாமல், சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அவள் செய்தது நியாயமா? அந்த அம்மா அப்பாவை யாராவது கேட்டாங்களா? கேட்கலை. அந்த அம்மா ஏற்கெனவே ஒரு பிள்ளையை இழந்தவர், இப்போ இன்னொன்றையும் இழந்திருக்கிறார், பெயர் வைக்க முடியாத ஒரு விதத்தில். இந்த முடிவில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

'சார்ம்ட் லைஃப்' 1978இல் கார்டியன் பத்திரிகையின் குழந்தை இலக்கியப் பரிசை வாங்கியது. 1988இல் வந்த 'தி லைவ்ஸ் ஆஃப் கிறிஸ்டோஃபர் சாண்ட்' பழைய கிரெஸ்டோமான்சியின் சின்ன வயசுக் கதை. அதில் கோயிலில் அடைபட்ட ஒரு சிறுமி தெய்வம் வருகிறாள், நேபாளத்துக் குமாரி ஞாபகம் வரும். பிறகு ஹாரி பாட்டர் அலை அடித்தபோது, 1990களின் கடைசியில், கடைகளில் கிடைக்காமல் போயிருந்த ஜோன்ஸின் பல புத்தகங்கள் மறுபடி அச்சாயின. முதல்ல எதைப் படிக்கலாம்னு மெயிலில் கேட்பீங்க, தெரியும். 'சார்ம்ட் லைஃப்'. அப்புறம் கிறிஸ்டோஃபர்.

ஜோன்ஸ் 2011 மார்ச்சில் காலமானார். ஒரு நாவல் பாதியில் நின்றிருந்தது. கதை எப்படி முடியும் என்பதற்கு அவர் குறிப்பு எதுவும் விட்டுப்போகவில்லை. நடிகையும் எழுத்தாளருமான கடைசித் தங்கை உர்சுலா ஜோன்ஸ், கொட்டகையில் உட்கார்ந்து அக்காவின் நோட்டுக் கதைகளைக் கேட்டவர், அந்த இடத்திலிருந்து தொடர்ந்து எழுதி முடித்தார். 2014இல் 'தி ஐலண்ட்ஸ் ஆஃப் கால்டியா' என்று வந்தது, அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். அக்கா எந்த இடத்தில் நிறுத்தினார், தங்கை எங்கே ஆரம்பித்தார் என்று நான் இரண்டு தடவை தேடினேன். கிடைக்கலை. உங்களுக்குக் கிடைச்சா எழுதி அனுப்புங்க.